வீடு கூட்டாத தூரம்

எங்கள் வீட்டில் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. துடைப்பத்தை எவ்வளவு நேரம் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று தகவல் வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது, வாசல் தெளிக்கக் கூடாது, இருப்பவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது. மீறிக் கூட்டினால், போனவரையும் குப்பையோடு குப்பையாகத் தள்ளிவிட்டதாக அர்த்தம். என் மனைவி இதில் மிகவும் கறார். பெண்ணாடம் போனவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். கடலூர் என்றால் சமையல் முடியும்வரை. சென்னை என்றால் மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் துடைப்பத்துக்கு வேலை.

நான் இதையெல்லாம் கேலி செய்கிற ஆள். "நீ கூட்டுனா அங்க பஸ்ஸு டயரு வெடிச்சிடுமா?" என்று கேட்பேன்.

"நீங்க பேசுவீங்க. தூசியக் கொண்டாந்து கொட்டுறவருக்கு, கூட்டுறதப் பத்தி என்னா தெரியும்?" என்பாள்.

அதில் நியாயம் உண்டு. நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன். மின்சார ஃபியூஸ் கட்டையும், கொலு வரும் சமயத்தில் பொம்மையும் செய்கிறோம். வெள்ளை மண்தூள் என் கால்சட்டை மடிப்பிலும் செருப்பிலும் ஏறி என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுத் தூசியில் பாதி என் உழைப்பு என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒரே மகள். கணவனோடு டொரோண்டோவில் இருக்கிறாள். போன வருடம் அங்கே ஒரு வீடு வாங்கினார்கள். தை மாதம் பால் காய்ச்ச வேண்டும், அப்பாவும் அம்மாவும் வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட், விசா எல்லாம் இரண்டு பேருக்கும் வந்தது. கடைசியில் கிளம்பியது மனைவி மட்டும்தான். எனக்கு யூனிட்டில் ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆர்டர் இருந்தது உண்மை. என் தலைக்கு மேல் இல்லை, பக்கத்து மேஜைக்காரர் தலைக்கு மேல் இருந்தது.

எனக்கு உயரம் என்றால் ஆகாது. மாசி மகத்துக்கு வந்த ராட்டினத்தில் ஒருமுறை வீராப்பாக ஏறினேன். உச்சிக்குப் போனதும் நிறுத்தச் சொல்லிக் கத்திய கத்தலில், ராட்டினக்காரர் எனக்காக மட்டும் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார். கீழே வரிசையில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்படிப்பட்டவன் கடலுக்கு மேலே நாற்காலியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு போவதாவது. ஆனால் அதை வாயால் சொன்னதில்லை. "உங்களுக்குப் பயம்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்று மனைவி கேட்டபோது, "பயமா? எனக்கா?" என்று சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

விமானத்தில் ஏற மறுத்தவன் விமான நிபுணனாக மாறியதுதான் வேடிக்கை. போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடுகிறது. பிடித்துக்கொண்டேன். சென்னைக்கும் டொரோண்டோவுக்கும் நேர்க்கோடு போட்டால் பதிமூவாயிரத்துச் சொச்சம். டீக்கடையில் சொன்னேன். யூனிட்டில் சொன்னேன். பழமலைநாதர் கோயில் வாசலில் பூ வாங்கும்போது, கேட்காமலே பூக்காரம்மாவிடம் சொன்னேன். "எம்மாந் தூரம் இருந்தா என்னா சாரு, நல்லபடியாப் போய்ச் சேரணும்" என்று அந்த அம்மா முழத்தை அளந்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஒரு நாள் மனைவி என் போனை எட்டிப் பார்த்தாள். படத்தில் சென்னையிலிருந்து கிளம்பிய கோடு மேற்கே போகாமல் வடக்கே ஏறி, வளைந்து, டொரோண்டோவில் இறங்கியிருந்தது.

"நேரா மேக்கால போவ வேண்டியதுதான? ஏன் இவன் இப்புடிச் சுத்துறான்?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். மறுநாள் யூனிட்டிலிருந்து, வண்ணம் பூசாமல் கிடந்த ஒரு தலையாட்டிப் பொம்மையின் மொட்டைத் தலையைக் கொண்டுவந்தேன். மூக்கு நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அது சென்னை. பிடரிக்குச் சற்று மேலே இன்னொரு புள்ளி, அது டொரோண்டோ. ஒரு நூலை எடுத்து, முதலில் கன்னம், காது வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய் அளந்தேன். பிறகு அதே நூலை நெற்றி ஏறி உச்சந்தலை வழியாகக் கொண்டுபோனேன். நூல் மிச்சமானது.

"பாத்தியா? தலையச் சுத்தி மூக்கத் தொடுறான்னு திட்டுவாங்கல்ல? இந்த ஊருக்குப் போறதுக்கு அந்த வழிதான் கிட்ட!"

அவள் தலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எம் பிளேனு உச்சந்தல வழியாத்தான் போவுதா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய டிக்கெட் வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாறிப் போகிற டிக்கெட். கன்னத்தில் இறங்கி, காதோரமாகப் போகிறது.

"அப்பறம் எதுக்கு இந்தத் தலைய உருட்டுனீங்க?" என்று பொம்மைத் தலையை என் மடியில் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

டிக்கெட் நேரத்தைப் பார்த்தபோது அடுத்த பாடம். காலை பத்து மணிக்குச் சென்னையில் ஏறினால் இரவு எட்டரைக்கு டொரோண்டோவில் இறங்கலாம் என்று போட்டிருந்தது. "பகல் பொழுது ஓடுனா போதும், அவ்ளோதான?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அங்கே எட்டரை மணி அடிக்கும்போது நமக்கு மறுநாள் காலை ஏழு மணி, டிக்கெட்டில் கண்ணுக்குத் தெரிவது பாதிப் பயணம்தான், மீதிப் பாதியைச் சூரியன் ஒளித்துவைத்திருக்கிறது என்று விளக்கினேன். அவ்வளவு பெரிய உண்மையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்.

"அப்ப மறுநாள் காலையில வரைக்கும் வூட்டக் கூட்டக் கூடாது. நான் சேந்துட்டேன்னு சொன்னப்புறம்தான் கூட்டணும். கேலி பேசாதீங்க."

"நீ பிளேன்ல கால வக்கிறப்பவே கூட்டித் தள்ளிடுவேன் பாரு."

அவள் சிரிக்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை தனியாகத் திருச்சிக்குக்கூடப் போகாதவள், இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, தோளில் மாத்திரைப் பையோடு நின்றாள். அந்தக் கடைசி நிமிடத்தில் நான் அன்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "ரெண்டாவது பிளேன்லதான் ரொம்ப நேரம், பதினோராயிரம் கிலோமீட்டர்" என்று சொன்னேன். "சரி, போயிட்டு வரேங்க" என்றாள். நான் பிடித்த அவள் கை சில்லென்று இருந்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, கையால் கூட்டுவதுபோல் காட்டி, கூடாது என்று தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற காவலர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாலையில் ரயிலில் வந்து ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். கிளம்பும் அவசரத்தில் பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டும், பேப்பரும், முறுக்குத் தூளும் கூடத்தில் இறைந்து கிடந்தன. துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்தது. கேலி பேசிய கையோடு எடுத்துக் கூட்டிவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை. களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் வீட்டு வேலைக்கு வரும் அம்மா வந்து துடைப்பத்தை எடுத்தார். நான் படுக்கையிலிருந்து பாய்ந்து வந்தேன்.

"இன்னிக்கு வேணாம்மா. எனக்குத் தும்மலா இருக்குது. தூசி கிளப்பாதீங்க."

"தும்மவே இல்லியே சாரு?"

வலுக்கட்டாயமாக இரண்டு முறை தும்மிக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா போயி எறங்கிட்டாங்களா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, பாத்திரத்தை மட்டும் தேய்த்து வைத்துவிட்டுப் போனார். ஊருக்குப் பகுத்தறிவு சொன்னவனின் சாயம் வெளுத்த கதை எங்கள் தெரு முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகியிருக்காது.

ஏழு மணிக்கு முன்பே, விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படத்தைப் போனில் திறந்துவைத்தேன். சின்ன மஞ்சள் விமானம் டொரோண்டோவைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. வந்தது, இறங்கவில்லை. ஊரை ஒட்டிய ஏரிக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு கிழக்கே போக ஆரம்பித்தது. போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் கிழக்கேதான் போய்க்கொண்டிருந்தது.

மகள் கூப்பிட்டாள். "அப்பா, பயப்படாதீங்க. இங்க பனிப்புயல். எறங்க முடியல. மான்ட்ரியல்ல எறக்கப் போறாங்களாம். ஓய்ஞ்சதும் திரும்பக் கொண்டுவருவாங்க."

"எப்ப ஓயும்?"

"தெரியலப்பா."

மான்ட்ரியல் பக்கத்து ஊர் மாதிரிதான் என்று அவள் சொன்னாள். தூரம் போட்டுப் பார்த்தேன். விருத்தாசலத்துக்குக் கன்னியாகுமரி பக்கத்து ஊர் என்றால் அதுவும் பக்கத்து ஊர்தான். மனைவியின் போனுக்கு அந்த நாட்டு சிம் கிடையாது. பி.பி. மாத்திரையை நேரத்துக்குப் போட்டாளா, எந்த நேரத்துக்குப் போடுவாள், அவர்கள் சொல்கிற இங்கிலீஷில் என்ன புரிந்திருக்கும், எதற்கு வட்டம் போடுகிறது என்று யாரிடம் கேட்டிருப்பாள். இத்தனை நாள் நான் சேர்த்துவைத்த கிலோமீட்டர்களில் ஒன்றுகூட இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை.

வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்வீட்டுப் பெண் தன் வீட்டுக் கோலத்திலிருந்து எழுந்து என்னையும், தண்ணீர் படாத எங்கள் வாசலையும் பார்த்தார். தெருவைக் கடந்து கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, வாசல் தெளிக்காம இருக்குதே. ஏதாவது... கேக்கக் கூடாது... துக்க சேதியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனவர் நல்லபடியாகச் சேர வேண்டும் என்றாலும் வாசல் தெளிப்பதில்லை. யாராவது போய்ச் சேர்ந்துவிட்டாலும் தெளிப்பதில்லை. சேருவது என்ற ஒரே வார்த்தையை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். "அதெல்லாம் இல்லம்மா, ஆளு இல்ல, அதான்" என்று உளறிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அந்த ஒரு நிமிடம் தண்ணீர்க் குடத்தை எடுத்துப் போய் வாசல் முழுக்கக் கொட்டிவிடலாமா என்று இருந்தது. கொட்டவும் பயம், கொட்டாமல் விடவும் பயம். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்புக்காவது போன் கிடையாது.

நான் பதறவில்லை என்று காட்டிக்கொள்ள யூனிட்டுக்குப் போனேன். ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் சுற்றி அடுக்கச் சொல்லவேண்டிய இடத்தில், வைக்கோலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டைகளை வெளியே வைத்துப் பெட்டியை மூடச் சொன்னேனாம். "நீங்க வூட்டுக்குப் போங்க சாரு" என்று பேக்கிங் பெண்களே அனுப்பிவைத்தார்கள். செருப்பு நிறைய வெள்ளை மண்ணோடு, அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வீட்டுக்குள் வந்தேன்.

மத்தியானம், மங்கலம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வளைகுடாவில் இருக்கிறார்கள். வந்தவர் குப்பை கிடந்த கூடத்தைப் பார்த்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கயிற்றுத் துண்டைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்.

"எங்க வூட்லயும் கூட்ட மாட்டாங்க. பசங்க போன் பண்ற வரைக்கும் எங்கம்மா என் வூட்டுக்காரிய வெளக்குமாத்தத் தொட விட மாட்டாங்க."

"நான் நம்பலீங்க பாய். சும்மா ஒரு இதுக்கு..."

"ஆமா ஆமா" என்றார். "எங்க வூட்லயும் யாரும் நம்புறதில்ல."

வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணியைப் பிரித்து வைத்தார். நான் இரண்டு வாய் தின்றேன். இன்னும் நேரமாகும், வந்துவிடுவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மான்ட்ரியலில் நின்றிருந்த மஞ்சள் விமானம் மறுபடி நகர ஆரம்பித்தபோது நாங்கள் இருவரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். டொரோண்டோவில் இறங்கிவிட்டது என்று காட்டியதும் அவர் எழுந்தார். "பொட்டி கைக்கு வந்து, வூடு போயிச் சேரட்டும், அப்பறம் கூட்டுங்க. அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் வீடியோவில் அழைப்பு வந்தது. மகள் வீட்டுச் சோபாவில், மகளுடைய ஸ்வெட்டருக்குள் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. தலை கலைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். அழுதிருக்கலாம். அழுதிருந்தால் கௌரவமாக முடிந்திருக்கும்.

"வந்து சேந்துட்டேங்க" என்றாள். பிறகு உடனே, "வூட்டக் கூட்டிட்டீங்களா?"

வழக்கமான கேலிக் குரலை எடுத்து, "நீ பிளேன் ஏறுனப்பவே கூட்டியாச்சு, சொன்னேன்ல?" என்றேன்.

அவள் முகம் மாறியது. மெல்லக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஆகாசத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சுங்க. எறங்கவே இல்ல. சன்னல்ல ஒண்ணுமே தெரியல, வெள்ளையா இருந்துச்சு. பக்கத்துல இருந்தவங்கல்லாம் கும்புட ஆரம்பிச்சிட்டாங்க. நான் அப்பவே நெனச்சேன், இந்த மனுசன் கூட்டிட்டாருன்னு."

"இல்லம்மா, சும்மா சொன்னேன். கூட்டல."

"எனக்காவச் சொல்லாதீங்க."

"சத்தியமா கூட்டல. வாசல்கூடத் தெளிக்கல."

"போனத் திருப்புங்க. பாக்கணும்."

போனைத் தரைப்பக்கம் திருப்பினேன். நானும் அப்போதுதான் தரையை ஒழுங்காகப் பார்த்தேன். கயிறு, பேப்பர், முறுக்குத் தூள் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. அதற்கு மேலே நான் யூனிட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மண் கூடம் முழுக்கப் படிந்திருந்தது. அந்த மண்ணில், போன் சார்ஜ் போடும் சுவரிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து வாசற்படிக்கும், வாசற்படியிலிருந்து மறுபடி சுவருக்கும் ஒரு தடம் தேய்ந்துபோய்க் கிடந்தது. வயல்வரப்பில் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுமே, அப்படி. அவ்வளவு நடந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

இணைப்பு போய்விட்டதோ என்று போனை என் பக்கம் திருப்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நடந்ததுக்கு, பேசாம எங்கூடவே வந்திருக்கலாம்ல?"

ஆர்டர் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா" என்றேன்.

"எனக்கும்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.